வேண்டுதலை மதிப்பீட்டுத் தாளோடு கட்டாதீர்கள்

கேள்வி: எங்கள் ஊர் போச்சம்பள்ளி பக்கம். அப்பா சந்தூரில் மாங்கன்று நர்சரி வைத்திருக்கிறார். கணிதத்தில் எம்.எஸ்சி., பி.எட். முடித்துவிட்டு, இங்கிலாந்தில் பர்மிங்காம் அருகே பி.ஜி.சி.இ. என்ற ஆசிரியர் பயிற்சிப் படிப்பு படிக்கிறேன். இப்போது இரண்டாவது பள்ளியில் பயிற்சி. போன மாதம் ஒரு வெள்ளிக்கிழமை கடைசி பீரியடில் எட்டாம் ஆண்டு வகுப்பு கையை மீறிப் போய்விட்டது. ஒரு பையன் என் உச்சரிப்பைப் பேசிக் காட்டினான், வகுப்பே சிரித்தது. பின்னால் உட்கார்ந்திருந்த மென்டர் (வழிகாட்டி ஆசிரியர்) எழுந்து வந்து பாதியில் பாடத்தைத் தன் கையில் எடுத்துக்கொண்டார். அன்றிலிருந்து அதிகாலை 4 மணிக்கு எழுந்து கவசம் படிக்கிறேன். செவ்வாய்க்கிழமையும் தேய்பிறை அஷ்டமியும் முழு விரதம். அம்மா மாதாமாதம் அதியமான்கோட்டை காலபைரவருக்கு எனக்காகப் பூசணி விளக்கு ஏற்றுகிறார். நான் பாஸானால் வடைமாலை சாத்துவதாக நேர்ந்திருக்கிறார். ‘பைரவர் பார்த்துப்பார்’ என்கிறார். ஆனால் அதற்குப் பிறகு வந்த அப்சர்வேஷன்களும் (என் வகுப்பைப் பார்த்து எழுதும் மதிப்பீடுகள்) சரியில்லை. இப்போது சாமி முன்னால் உட்கார்ந்தால் மனம் வெறுமையாக இருக்கிறது. என் பக்தியில் குறையா? விடுதி அறையில் விளக்கேற்ற விடமாட்டேன் என்கிறார்கள். பள்ளியில் காலையில் கிறித்தவ ஜெபம் நடக்கிறது, அதில் நிற்பது தவறா? பேசாமல் ஊருக்கு வந்துவிடலாமா?

– வாசகி, கிருஷ்ணகிரி மாவட்டம்

பதில்: அன்புள்ள சகோதரிக்கு,

உங்கள் பக்தியில் குறை இல்லை. அதை எதோடு சேர்த்துக் கட்டியிருக்கிறீர்கள் என்பதில்தான் சிக்கல் இருக்கிறது.

கணக்குப் போட்டுப் பாருங்கள். உங்கள் படிப்பில் குறைந்தது 120 நாள் பள்ளியில் இருக்க வேண்டும், அதுவும் இரண்டு பள்ளிகளிலாவது. அந்த நாட்களில் ஏறக்குறைய வாரந்தோறும் யாராவது பின்னால் உட்கார்ந்து குறிப்பெடுப்பார்கள். ஒவ்வொரு முறையும் ‘இன்றைக்கு நன்றாகப் போக வேண்டும் சாமி’ என்று வேண்டிக்கொண்டு உள்ளே போனால், ஒவ்வொரு அப்சர்வேஷனும் உங்களுக்கு மட்டுமல்ல, சாமிக்கும் வைக்கிற பரீட்சை ஆகிவிடுகிறது. தாளில் நான்கு குறை எழுதி வந்தால் பாடம் சறுக்கியதோடு நிற்காது, வேண்டுதலும் பொய்த்ததாக மனம் கணக்கு வைத்துக்கொள்ளும். சில வாரத்திலேயே சாமி முன்னால் உட்காரப் பிடிக்காமல் போகும். நீங்கள் சொல்லும் வெறுமை இப்படி வந்ததுதான். எத்தனை பெரிய பக்தியும் வாரம் ஒரு தீர்ப்பைத் தாங்காது.

அந்தத் தாள் எதற்கு என்பதையும் தெளிவுபடுத்திக்கொள்ள வேண்டும். நம் ஊர் பி.எட்.டில் இரண்டு ஆண்டுக்குமாகச் சேர்த்து 20 வாரம் பள்ளிக்குப் போகிறோம். அங்கே கல்லூரி ஆசிரியர் வந்து உட்கார்ந்தால் மார்க் போட வந்திருக்கிறார் என்றுதான் பொருள். இங்கிலாந்தில் வாராந்திர அப்சர்வேஷன் அடுத்த வாரம் நீங்கள் எதில் வேலை செய்ய வேண்டும் என்று கண்டுபிடிப்பதற்கானது. குறை எழுதாத தாளால் உங்களுக்குப் பயனே இல்லை. மென்டர் நடுவில் எழுந்து வந்ததும் அப்படித்தான். அந்த வகுப்புக்குச் சட்டப்படி பொறுப்பாளர் அவர்; பிள்ளைகளின் நேரம் வீணாகிறது என்று பட்டால் அவர் எழுந்தாக வேண்டும். பயிற்சிக் காலத்தில் இது பலருக்கும் நடக்கும். உண்மையிலேயே நிலைமை மோசம் என்று நினைத்தால் பல்கலைக்கழகம் எழுத்து மூலம் தெரிவித்து, இலக்குகளும் தேதியும் போட்டு ஒரு கூடுதல் ஆதரவுத் திட்டம் கொடுக்கும். அப்படி ஒரு தாள் உங்களுக்கு வந்ததாகக் கடிதத்தில் இல்லை. வரவில்லை என்றால், நீங்கள் இன்னும் சாதாரணமாகப் பயிற்சியில் இருக்கும் ஒரு மாணவிதான்.

அடுத்து உடம்பு. இதைச் சரிசெய்யாமல் மற்ற எதைச் சொன்னாலும் வேலைக்கு ஆகாது. பாடத் தயாரிப்பு நள்ளிரவு வரை இழுக்கும் என்று வைத்துக்கொண்டால், நீங்கள் நாலு மணி நேரம்தான் தூங்குகிறீர்கள். தூக்கம் போனால் ஆசிரியருக்கு முதலில் போவது பொறுமை, அடுத்தது குரல். பொறுமை போனால் சின்னச் சலசலப்புக்கும் சத்தம் போடுவீர்கள். நீங்கள் சத்தம் போட்டால் அதற்கு மேல் அவர்கள் சத்தம் போடுவார்கள். அதிகாலை நாலு மணி உத்தமமான நேரம்தான், இரவு ஒன்பது மணிக்குப் படுக்கிறவர்களுக்கு. குளிர்காலத்தில் அங்கே காலை எட்டு மணிக்குத்தான் வெளிச்சம் வருகிறது, மாலை நாலு மணிக்கெல்லாம் இருட்டிவிடுகிறது. வெளிச்சம் குறைந்தாலே மனம் சோர்ந்துபோகும் உடல்வாகு பலருக்கு உண்டு. அதன் மேல் தூக்கமும் இல்லை, சாப்பாடும் இல்லை என்றால் சோர்வுக்கு வேறு காரணம் தேட வேண்டியதில்லை. பயிற்சி முடியும் வரை இரவு பத்தரைக்குப் படுங்கள், காலை ஐந்தே முக்காலுக்கு எழுந்திருங்கள். கவசம் முழுவதும் படிப்பதைச் சனி, ஞாயிறுக்கு வைத்துக்கொள்ளுங்கள். வேலை நாளில் குளித்துவிட்டு ஐந்து நிமிடம் உட்கார்ந்தால் போதும்.

விரதத்துக்கும் ஒரு வழி செய்யலாம். நாள் முழுக்க நின்றுகொண்டே பேச வேண்டிய வேலை உங்களுடையது. தண்ணீர்கூடக் குடிக்காமல் இருந்தால் மதியத்துக்கு மேல் தொண்டை கட்டும், தலை கிறுகிறுக்கும், பலகையில் எழுதுகிற கணக்கிலேயே பிழை வரும். பள்ளி நாளில் செவ்வாய் வந்தால் பால், பழம், தயிர் எடுத்துக்கொண்டு ஒரு வேளை அரிசிச் சோற்றை மட்டும் விடுங்கள். முடியாதவர்களுக்கு நம் பெரியவர்களே விட்டுக்கொடுத்திருக்கும் வழி இது. அஷ்டமி திதி உலகமெங்கும் ஒரே நேரத்தில்தான் தொடங்குகிறது, கடிகாரம்தான் வேறு. குளிர்காலத்தில் நம் நேரத்திலிருந்து ஐந்தரை மணி நேரம், மார்ச் கடைசி ஞாயிறு முதல் அக்டோபர் கடைசி ஞாயிறு வரை நாலரை மணி நேரம் கழித்துக்கொள்ளுங்கள். அதியமான்கோட்டையில் மாலை ஏழு மணிக்கு விளக்கேற்றும்போது உங்களுக்குக் குளிர்காலத்தில் மதியம் ஒன்றரை மணி, வகுப்பு நேரம். அந்த நேரத்துக்குப் பரிதவிக்காமல், திதி இருக்கிற நேரத்துக்குள் காலையிலோ மாலையிலோ உங்களுக்கு வசதியான அரைமணி நேரத்தைப் பிடித்துக்கொள்ளுங்கள்.

இனி, நம்பிக்கை உங்களுக்கு உதவும்படி அதை எங்கே வைப்பது என்பதற்கு வருகிறேன். ஒரு சின்ன நோட்டு வாங்குங்கள். பக்கத்தின் நடுவில் ஒரு கோடு. இடது பக்கம் ‘என் கையில் இருந்தது’, வலது பக்கம் ‘என் கையில் இல்லாதது’. ஒவ்வொரு நாளும் பள்ளி முடிந்து, ஏதாவது சாப்பிட்ட பிறகு, மனத்தை அரித்த ஒரே ஒரு வகுப்பை மட்டும் எடுத்து இரண்டு பக்கமும் எழுதுங்கள். பத்து நிமிடத்துக்கு மேல் வேண்டாம். இடது பக்கம் எழுதியது அடுத்த நாள் லெசன் பிளானுக்குப் போக வேண்டும். வலது பக்கம் எழுதியது சாமியிடம் போக வேண்டும். இரண்டையும் இடம் மாற்றக் கூடாது.

அந்த வெள்ளிக்கிழமை வகுப்பையே எடுத்துக்கொள்வோம். வார இறுதிக் கடைசி பீரியட், பிள்ளைகள் களைத்துக் கிடப்பது, அந்தப் பையன் வீட்டில் என்ன நடந்தது என்பது, மென்டர் அன்றைக்கு என்ன மனநிலையில் இருந்தார் என்பது எல்லாம் வலது பக்கம். இவற்றை நீங்கள் எவ்வளவு யோசித்தாலும் மாற்ற முடியாது. இறக்கி வைக்க வேண்டிய பாரம் இதுதான். இடது பக்கத்தில் என்ன இருந்திருக்கும் என்று நான் ஊகிக்கிறேன், சரியா என்று நீங்கள் பார்த்துக்கொள்ளுங்கள்.

முதலாவது, நம் ஊரில் ஆசிரியர் உள்ளே நுழைந்தால் வகுப்பு எழுந்து நிற்கும், அதிலேயே பாதி அமைதி வந்துவிடும். அங்கே அந்த வழக்கம் பெரும்பாலும் இல்லை. அமைதியை நீங்கள் வாசலிலேயே உண்டாக்க வேண்டும். மணி அடிப்பதற்கு மூன்று நிமிடம் முன்பே பலகையில் ஐந்து கேள்விகள் ஒளிர வேண்டும், முந்தின பாடத்திலிருந்து, யாரிடமும் கேட்காமல் செய்யக்கூடியவை. மேசையில் தாள் இருக்க வேண்டும். நீங்கள் வாசலில் நின்று ஒவ்வொருவரையும் பெயர் சொல்லி உள்ளே அனுப்ப வேண்டும். பெயர் தெரியாவிட்டால் யார் எங்கே உட்கார வேண்டும் என்ற வரைபடம் கையில் இருக்கட்டும். பிள்ளைகள் உட்கார்ந்த பிறகு கம்ப்யூட்டரில் கோப்பைத் தேட ஆரம்பித்தால் அந்த இரண்டு நிமிடத்தில் வகுப்பு போய்விடும். திரும்பப் பிடிக்க இருபது நிமிடம் ஆகும்.

இரண்டாவது, சத்தத்துக்கு மேல் பேசாதீர்கள். நடுவில் நின்று, தணிந்த குரலில் மூன்றிலிருந்து ஒன்று வரை எண்ணிவிட்டு வாயை மூடிக்கொண்டு காத்திருங்கள். பத்து விநாடி யுகம் போலத் தெரியும், ஆனாலும் காத்திருங்கள். அடங்காதவர்களுக்குப் பள்ளியின் ஒழுங்கு விதியில் உள்ள முதல் எச்சரிக்கை, இரண்டாவது எச்சரிக்கை என்ற படிகளை அதே சொற்களில், அதே வரிசையில் சொல்லுங்கள். கெஞ்சுவதும் திடீரென்று வெடிப்பதும் இரண்டும் எடுபடாது. அடுத்த படி என்ன என்று பிள்ளைகளுக்கு முன்கூட்டியே தெரிவதுதான் அவர்களை அடக்கும்.

மூன்றாவது, கணக்கு ஆசிரியர்களுக்கே உரியது. நம் ஊரில் ‘ஃபைவ் இன்டு த்ரீ’ என்றால் பெருக்கல், விடை பதினைந்து. இங்கிலாந்துப் பிள்ளைக்கு ‘த்ரீ இன்டு ட்வெல்வ்’ என்றால் பன்னிரண்டை மூன்றால் வகுப்பது, விடை நான்கு. நீங்கள் பெருக்கச் சொல்ல, அவர்கள் வகுத்துவிட்டு விழித்திருப்பார்கள். அந்தக் குழப்பத்தில் பேச்சு கிளம்பியிருக்கும். ‘டைம்ஸ்’ என்றே சொல்லுங்கள். லட்சத்துக்கு நாம் காற்புள்ளி வைப்பது 1,00,000 என்று, அங்கே 100,000. வகுத்தல் போடும் முறையும் வேறு. அவர்கள் நோட்டில் எப்படி எழுதியிருக்கிறார்கள் என்று பார்த்துவிட்டு அதே முறையில் பலகையில் எழுதுங்கள். இவை எல்லாம் அரைமணி நேர வேலை. இவற்றுக்கு வேண்டுதல் தேவையில்லை.

உச்சரிப்பைப் பொறுத்தவரை, ஆங்கிலேயர் போலப் பேசப் பழக வேண்டாம். வேகத்தைக் குறைத்தால் போதும். முக்கியமான நாலைந்து சொற்களைப் பலகையில் எழுதிவிட்டுச் சொல்லுங்கள். ஆனால் அந்தப் பையன் உங்களைப் பேசிக் காட்டியது வேறு விஷயம். அதைச் சகித்துக்கொள்வதைப் பக்தியின் பகுதியாக நினைக்காதீர்கள். ஒருவருடைய இனத்தையோ பிறந்த நாட்டையோ வைத்துக் கேலி செய்வது 2010-ஆம் ஆண்டின் சமத்துவச் சட்டம் உள்ள நாட்டில் பள்ளி கவனித்தாக வேண்டிய செயல். நாள், நேரம், அவன் சொன்ன சொல் மூன்றையும் எழுதி மென்டரிடம் கொடுங்கள், பள்ளியின் பதிவிலும் ஏற்றச் சொல்லுங்கள். அதன் பிறகு அவனை வெறுக்காமல் வகுப்பில் வைத்துக்கொள்ளும் மனம் வேண்டுமே, அதற்கு வேண்டிக்கொள்ளுங்கள். அது கேட்கத் தகுந்த வேண்டுதல்.

நோட்டு எழுதுவதில் இரண்டு தவறு நடக்கும். சிலர் எல்லாவற்றையும் இடது பக்கம் எழுதித் தன்னையே குதறிக்கொள்வார்கள். சிலர் எல்லாவற்றையும் வலது பக்கம் தள்ளி ‘என் நேரம் சரியில்லை’ என்று முடித்துவிடுவார்கள். கடிதத்தைப் படித்தால், பகலில் நீங்கள் முதல் வகை, அம்மாவோடு பேசிய பிறகு இரண்டாம் வகை என்று தோன்றுகிறது. ஆகவே வாரம் ஒருமுறை இடது பக்கத்தை மட்டும் மென்டரிடம் காட்டுங்கள். எது உங்கள் கையில் இருந்தது என்று அவர் திருத்திச் சொல்லட்டும்.

கதவருகே நிற்கும் அந்த நேரத்துக்கும் ஒன்று சொல்கிறேன். பலகை தயார், தாள் தயார், கையில் இருக்கை வரைபடம். பிள்ளைகள் வராந்தாவில் வரிசை கட்டுகிறார்கள். அப்போது ஒரு மூச்சு இழுத்து விட்டு, பைரவர் பெயரை உள்ளுக்குள் ஒரு தரம் சொல்லுங்கள். ‘நன்றாக நடக்க வேண்டும்’ என்று கேட்காதீர்கள். ‘என் முன்னால் இருக்கிற பிள்ளையைப் பார்க்கும் கண் கொடு’ என்று கேளுங்கள். இந்த வேண்டுதலின் பலனைத் தாளில் யாரும் மதிப்பிட முடியாது, ஆனால் பாடத்தின் நடுவில் உங்களுக்கே தெரியும். கடைசி பெஞ்சில் பேனாவையே தொடாமல் இருக்கிற பெண் கண்ணில் படுவாள். பலகை தயாராகவில்லை என்றால் அன்றைக்கு வேண்டுதலை விட்டுவிட்டு முதலில் பலகையைப் போடுங்கள். சாமி கோபித்துக்கொள்ள மாட்டார்.

உட்கார்ந்தால் வெறுமையாக இருக்கிறது என்கிறீர்கள். உணர்ச்சி வருகிறதா என்று சோதிப்பதை நிறுத்துங்கள். குளித்து, திருநீறு இட்டு, அதே மூலையில், அதே நேரத்தில், ஐந்து நிமிடம் உட்காருவது மட்டும்தான் உங்கள் வேலை. சந்தூரில் ஒட்டுக்கன்று நட்டால் முதல் சில வருடம் வருகிற பூவை அப்பா கிள்ளிவிடுவாரே, வேர் பிடிக்கட்டும் என்று. அதுபோல இந்தச் சில மாதம் பலனைப் பார்க்காமல் வழக்கத்தை மட்டும் பிடித்துக்கொள்ளுங்கள்.

விளக்கு விஷயத்தில் விடுதியோடு சண்டை போட வேண்டாம். மெழுகுவர்த்தி, ஊதுபத்தி, கற்பூரம், எண்ணெய் விளக்கு எதற்கும் பெரும்பாலான விடுதிகளில் அனுமதி கிடையாது. புகை உணரும் கருவி ஒலித்தால் கட்டடத்தில் இருக்கிற எல்லோரும் குளிரில் வெளியே வந்து நிற்க வேண்டும். உங்கள் மேல் நடவடிக்கையும் வரும். பேட்டரி விளக்கு ஒன்றை வைத்துக்கொள்ளுங்கள். உண்மையான தீபம் பார்க்க வேண்டும் என்று தோன்றினால் பர்மிங்காம் பக்கம் டிவிடேலில் வெங்கடேசுவரர் கோயில் இருக்கிறது. மாதத்தில் ஒரு ஞாயிறு போய்விட்டு வாருங்கள். நம்மவர்கள் நாலு பேர் முகத்தைப் பார்த்தாலே பாதி தெளிவு வரும். பல்கலைக்கழகத்தில் எல்லா மதத்தினருக்குமான பிரார்த்தனை அறையும், அதற்கென்று ஆன்மிக ஆலோசகர்களும் பொதுவாக இருப்பார்கள். அவர்கள் மதம் மாற்றுவதற்கு இருப்பவர்கள் அல்லர். யாராக இருந்தாலும் உட்கார வைத்துக் கேட்பார்கள், கேட்டதை வெளியே சொல்ல மாட்டார்கள்.

பள்ளி ஜெபத்தைப் பற்றி: இங்கிலாந்தில் அரசு நிதி பெறும் பள்ளிகள் நாள்தோறும் கூட்டு வழிபாடு நடத்த வேண்டும் என்பது சட்டம். பொதுப் பள்ளியில் ஆசிரியர் அதில் கலந்துகொள்ள மறுக்கலாம். திருச்சபை நிர்வாகப் பள்ளிகளில் இதில் வேறுபாடு உண்டு. ஆகவே உங்கள் பள்ளியில் எப்படி என்று மென்டரிடம் நேரடியாகக் கேட்டுவிடுங்கள். என் கருத்தைக் கேட்டால், பிள்ளைகளோடு அமைதியாகத் தலை தாழ்த்தி நிற்பதால் உங்கள் வழிபாட்டுக்கு எந்த ஊனமும் வராது. ஏலகிரி, ஏற்காடு பக்கம் கிறித்தவப் பள்ளிகளில் படித்த நம் பிள்ளைகள் எத்தனையோ பேர் அப்படி நின்று வளர்ந்தவர்கள்தான். மனம் ஒப்பவில்லை என்றால் அந்த நேரம் வேறு வேலை கேட்டுக்கொள்ளுங்கள். இரண்டும் சரியே.

குங்குமமும் கைக்கயிறும் அணியலாம், அந்தச் சமத்துவச் சட்டம் மத நம்பிக்கைக்கும் பாதுகாப்பு தருகிறது. ‘மிஸ், நெத்தியில அது என்ன?’ என்று பிள்ளைகள் கேட்டால் ‘இது எங்கள் வழிபாட்டின் அடையாளம்’ என்று ஒரு வரி சொல்லிவிட்டுப் பாடத்துக்குத் திரும்புங்கள். அதற்கு மேல் போக வேண்டாம். பிள்ளைகளின் பலவீனத்தைப் பயன்படுத்திக்கொள்ளும் விதத்தில் ஆசிரியர் தன் சொந்த நம்பிக்கையை வெளிப்படுத்தக் கூடாது என்பது அங்குள்ள ஆசிரியர் தரவிதிகளிலேயே இருக்கிறது. இதைவிட முக்கியமான ஒன்று: ஒரு பிள்ளை உங்களிடம் வீட்டில் அடிக்கிறார்கள், பயமாக இருக்கிறது என்பது போல ஏதாவது சொன்னால், ‘யாரிடமும் சொல்ல மாட்டேன்’ என்று வாக்குக் கொடுக்காதீர்கள். ‘உனக்காக வேண்டிக்கொள்கிறேன்’ என்று அனுப்பியும் விடாதீர்கள். பிள்ளை சொன்ன அதே சொற்களை எழுதி, அன்றைக்கே பள்ளியின் குழந்தைப் பாதுகாப்புப் பொறுப்பாளரிடம் கொடுக்க வேண்டும். மாலை வரைகூடத் தள்ளிப்போடக் கூடாது.

அம்மாவின் நேர்த்திக்கடனைப் பற்றி மென்மையாகப் பேச வேண்டும். தேய்பிறை அஷ்டமிக் கூட்டத்தில் சாம்பல் பூசணியை அறுத்து விளக்கேற்றிவிட்டு வருகிறார் என்றால், கடலுக்கு அப்பால் இருக்கிற மகளுக்கு அவரால் செய்ய முடிந்தது அதுதான். அதை நிறுத்தச் சொல்லாதீர்கள். வேண்டுதலின் வாசகத்தை மட்டும் மாற்றச் சொல்லுங்கள். ‘அம்மா, நான் பாஸாகணும்னு வேண்டிக்காதே. வகுப்புல பதறாம நிக்கணும், உடம்பு நல்லா இருக்கணும்னு வேண்டிக்கோ. வடைமாலைய இந்த மாசமே சாத்திடு, பாஸானதும்னு வைக்காதே’ என்று சொன்னால் அவருக்குப் புரியும். கடன் தீர்ந்த நிம்மதி அவருக்கும் வரும், அந்தப் பாரம் உங்கள் தோளிலிருந்தும் இறங்கும். பள்ளி முடிந்த கையோடு அழைத்துப் பேசும் வழக்கம் இருந்தால் அதையும் விடுங்கள். அங்கே மாலை நாலரை என்றால் குளிர்காலத்தில் இங்கே இரவு பத்து. நீங்கள் அழ, அவர் தூக்கம் இல்லாமல் கிடக்க, இரண்டு வீட்டிலும் இரவு கெடுகிறது. சனிக்கிழமை காலையில் நிதானமாகப் பேசுங்கள். நடுவில் ‘சாப்பிட்டேன், நல்லா இருக்கேன்’ என்று ஒரு குரல் செய்தி போதும்.

ஊருக்குத் திரும்புவதைப் பற்றி வெள்ளிக்கிழமை இரவில் முடிவெடுக்காதீர்கள். மாணவர் விசாவில் இருப்பவர் படிப்பை விட்டால் பல்கலைக்கழகம் அதை உள்துறைக்குத் தெரிவிக்க வேண்டும். அதன் பிறகு வழக்கமாக 60 நாள் அவகாசம்தான் விடுவார்கள். கல்விக் கடன் வாங்கியிருந்தால் வங்கிக்கும் சொல்ல வேண்டும். தவணை தொடங்கும் தேதி மாறும். விட்டுவிடுவதற்கு முன் ‘இடைநிறுத்தம்’ என்று ஒரு வழி இருக்கிறதா, அதனால் விசாவுக்கு என்ன ஆகும், இந்தப் பள்ளியில் தேறாவிட்டால் மறு வாய்ப்பு உண்டா என்ற மூன்று கேள்விகளையும் பல்கலைக்கழக டியூட்டரிடமும் அயல்நாட்டு மாணவர் அலுவலகத்திலும் எழுத்தில் கேளுங்கள். இதெல்லாம் கேட்டு, தூங்கி எழுந்து, அதற்குப் பிறகும் வர வேண்டும் என்று தோன்றினால் வாருங்கள். அதில் வெட்கப்பட ஒன்றுமில்லை.

ஆனால் இரண்டு வாரத்துக்கு மேல் தூக்கம் வராமல், சாப்பிடப் பிடிக்காமல், காலையில் எழவே முடியாமல் இருந்தால் அது பக்தியின் பிரச்சினை அல்ல, மருத்துவரைப் பார்க்க வேண்டிய நிலை. விசாவோடு மருத்துவக் கட்டணம் செலுத்தியிருப்பீர்கள், ஜி.பி. எனப்படும் குடும்ப மருத்துவரிடம் பதிந்துகொண்டால் பார்ப்பதற்குத் தனியாகப் பணம் கிடையாது. ஆசிரியர்களுக்கும் பயிற்சி ஆசிரியர்களுக்கும் என்றே ‘எஜுகேஷன் சப்போர்ட்’ அமைப்பின் இலவசத் தொலைபேசி 08000 562 561 இரவும் பகலும் இயங்குகிறது. உயிரை வெறுக்கும் எண்ணம் ஒரு கணம் வந்தாலும் சமாரிட்டன்ஸ் உதவி எண் 116 123-க்கோ, அரசு மருத்துவச் சேவையான என்.எச்.எஸ்.ஸின் 111-இல் மனநலப் பிரிவுக்கோ அந்த நேரமே பேசுங்கள், விடியட்டும் என்று காத்திருக்க வேண்டாம்.

கடைசியாக மென்டர். நீங்கள் பைரவரிடம் சொன்னதில் பாதியைக்கூட அவரிடம் சொன்னதாகத் தெரியவில்லை. வாரத்துக்கு ஒன்றரை மணி நேரம் பயிற்சி மாணவருக்கு வழிகாட்டி ஒதுக்க வேண்டும் என்பது அங்குள்ள விதி. நீங்கள் கேட்டுப் பெற வேண்டிய நேரம் அது. அவர் காட்டும் கருணை என்று தயங்காதீர்கள். ‘மேடம்’ என்று அழைத்துத் தள்ளி நிற்காமல், மற்ற ஆசிரியர்கள் அழைப்பதுபோல் பெயர் சொல்லியே அழையுங்கள். முதலில் கூச்சமாக இருக்கும், பழகிவிடும். திங்கட்கிழமை காலையில் அவருக்கு நான்கு வரியில் ஒரு மின்னஞ்சல் அனுப்புங்கள்: வெள்ளிக்கிழமை வகுப்புக்குப் பிறகு தன்னம்பிக்கை குறைந்திருக்கிறது, எட்டாம் ஆண்டு வகுப்பின் முதல் பத்து நிமிடத்தை நீங்கள் நடத்த, நான் பின்னால் உட்கார்ந்து பார்க்க வேண்டும், அடுத்த இரண்டு வாரத்துக்கு ஒரே ஒரு இலக்கு, அதாவது வகுப்பைத் தொடங்குவது மட்டும் போதுமா, அந்த மாணவன் பேசியதை எப்படிப் பதிவு செய்வது என்று பேச வேண்டும். சந்திக்கும்போது நோட்டின் இடது பக்கத்தை எடுத்துக்கொண்டு போங்கள்.